டிபியில் என் முகத்தை வைக்கலாமா? கொருக்குப்பேட்டை சகோதரியின் கேள்விக்கு விரிவான பதில்

கேள்வி இதுதான்: "வீட்டிலேயே ஆரி ஒர்க் பிளவுஸ் தைக்கிறேன். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. இப்போது டிபியில் என் பொண்ணு ஸ்கூல் யூனிஃபார்மில் இருக்கிற படம் வைத்திருக்கிறேன். என் படத்தை வைத்தால் கஸ்டமருக்கு நம்பிக்கை வரும் என்று தோன்றுகிறது. ஆனால் பொம்பளை முகத்தைப் போட்டால் மார்ஃபிங் பண்ணிவிடுவார்கள் என்று வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் சொல்கிறார்கள். பேஸ்புக், இன்ஸ்டாகிராமிலும் கணக்கு இருக்கிறது. எதில் எதை வைப்பது?"

சகோதரி, முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். உங்கள் முகத்தை டிபியில் தாராளமாக வையுங்கள். பொண்ணு படத்தை மட்டும் இதைப் படித்த கையோடு எடுத்துவிடுங்கள்.

வீட்டில் பயப்படுவது புரிகிறது. மார்ஃபிங், அதாவது முகத்தை வெட்டி வேறு படத்தில் ஒட்டி மாற்றுவது, நடக்கவே நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வண்ணாரப்பேட்டையில் என் சர்வீஸ் கடைக்குப் போனைத் தூக்கிக்கொண்டு பதறி வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டு எனக்குப் புரிந்தது இது: வெறும் முகம் வெளியே போனதால் வந்த தொல்லை குறைவு. அந்த முகத்தோடு போன் நம்பர், தெரு, பிள்ளை படிக்கும் ஸ்கூல், வீடு எப்போது பூட்டியிருக்கும் என்கிற விவரம் எல்லாம் ஒட்டிக்கொண்டு போகும்போதுதான் வினை வருகிறது. முகம் போடலாமா வேண்டாமா என்று வீட்டில் நடக்கிற சண்டையில் இந்தப் பக்கத்தை யாருமே பார்ப்பதில்லை.

உங்கள் பொண்ணு படத்தையே எடுத்துக்கொள்வோம். நான் அதைப் பார்க்கவில்லை. ஆனால் நம் பக்கத்தில் ஸ்கூல் திறக்கிற அன்றைக்கு வாசலில் நிறுத்தி எடுக்கிற படம் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். யூனிஃபார்ம் நிறத்தைப் பார்த்தாலே ஏரியா ஆட்கள் எந்த ஸ்கூல் என்று சொல்லிவிடுவார்கள். கழுத்தில் ஐடி கார்டு தொங்கும், பட்டையிலேயே ஸ்கூல் பெயர் அச்சடித்திருக்கும். கார்டில் பெயர், வகுப்பு, சிலதில் அப்பாவின் நம்பர்கூட இருக்கும். பின்னால் வாசல் கதவு, கதவு எண், ஓரத்தில் நிறுத்தியிருக்கிற வண்டி, அதன் நம்பர் பிளேட். டிபியைத் தொட்டுப் பெரிதாக்கினால் இதில் பாதியைப் படித்துவிடலாம். முன்பின் தெரியாத ஒருவன் ஸ்கூல் கேட்டில் நின்று, பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "உங்க அம்மா ஆரி ஒர்க் பண்றாங்கல்ல, அவங்கதான் கூட்டினு வரச் சொன்னாங்க" என்று சொல்ல வேறு எதுவும் தேவையில்லை. பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. அந்தச் சின்ன வட்டத்துக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று ஒரு தாய்க்குத் தெரிய வேண்டும்.

சரி, இந்த டிபியை யாரெல்லாம் பார்க்கிறார்கள்? நமக்குத் தெரிந்தவர்கள்தானே என்று நினைத்துக்கொண்டிருப்போம். எம்.சி. ரோட்டில் துணி எடுத்தால் பில் போடும்போது நம்பர் கேட்கிறார்கள். ரீசார்ஜ் கடை நோட்டில் நம்பர் இருக்கிறது. சிலிண்டர் போடுகிறவர், பார்சல் கொண்டுவருகிறவர், ஆட்டோக்காரர் எல்லோரிடமும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் டிபி 'எவ்ரிஒன்' என்று இருந்தால், இவர்களில் யார் உங்கள் நம்பரை சேவ் பண்ணினாலும் முகம் வந்துவிடும். நீங்கள் அவர்களை சேவ் பண்ணியிருக்கத் தேவையே இல்லை.

இதை மாற்ற: வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ் போய், பிரைவசி, அதற்குள் புரொஃபைல் போட்டோ. நான்கு வழி காட்டும். எவ்ரிஒன், மை கான்டாக்ட்ஸ், மை கான்டாக்ட்ஸ் எக்ஸ்செப்ட், நோபடி. பெரும்பாலான இடங்களில் 'மை கான்டாக்ட்ஸ் வைத்தால் போதும்' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். வீட்டோடு இருக்கிறவர்களுக்கு அது போதும். உங்களுக்குப் போதாது. தொழில் பண்ணுகிறவர்கள் வருகிற ஒவ்வொரு நம்பரையும் 'பிளவுஸ் தண்டையார்பேட்டை', 'பிளவுஸ் மிண்ட்' என்று சேவ் பண்ணிவிடுவோம். கான்டாக்ட்ஸ் என்றால் நீங்கள் சேவ் பண்ணிய எல்லோரும்தான். ஒரே ஒரு தடவை அளவு கேட்டுவிட்டுக் காணாமல் போனவரும் அதில் இருப்பார், உங்கள் அம்மாவும் இருப்பார். இரண்டு பேருக்கும் ஒரே படம்தான் தெரியும்.

அதனால் நான் சொல்வது, தொழிலுக்குத் தனி நம்பர். இன்னொரு சிம் போட்டு, வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பை அதில் போடுங்கள். இலவசம்தான். சாதா வாட்ஸ்அப்பும் அதுவும் ஒரே போனில் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். பிசினஸில் உங்கள் முகம், தைத்த பிளவுஸ்களின் கேட்லாக், வேலை நேரம் எல்லாம் எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள். அது ஊர் பார்ப்பதற்கென்றே வைக்கிற பலகை மாதிரி. முகவரி கேட்கும் இடத்தில் மட்டும் கதவு எண், தெருப் பெயர் வேண்டாம். 'கொருக்குப்பேட்டை' என்று போட்டால் போதும். ஆர்டர் உறுதியான பிறகு லொகேஷன் அனுப்பிக்கொள்ளலாம். பழைய நம்பரை வீட்டுக்கும் சொந்தபந்தத்துக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, அதில் கஸ்டமர் நம்பர்களை அழித்துவிட்டு, மை கான்டாக்ட்ஸ் போடுங்கள். அப்போதுதான் அந்த செட்டிங்குக்கு அர்த்தம் வரும். இரண்டாவது சிம்முக்கு ரீசார்ஜ் பண்ணாமல் மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். நம்பர் செத்துப்போய் வேறொருவர் கைக்குப் போனால், உங்கள் கஸ்டமர்கள் எல்லாம் அவருக்குத்தான் மெசேஜ் அனுப்புவார்கள்.

தனி சிம் இப்போதைக்கு முடியாது என்றால், இருக்கிற நம்பரில் உங்கள் படத்தை மட்டும் வையுங்கள், குடும்பப் படம் எதுவும் வேண்டாம். வேண்டாதவர்களை 'எக்ஸ்செப்ட்' பட்டியலில் போடுங்கள். ஸ்டேட்டஸுக்கு வேறு செட்டிங், அதையும் அதே பிரைவசி பக்கத்திலேயே பார்க்கலாம். 'திருப்பதி போறோம், மூணு நாள் இல்லை' என்ற ஸ்டேட்டஸ் கஸ்டமர் எல்லோருக்கும் போகிறதா என்று பாருங்கள். ஊருக்குப் போய்விட்டு வந்து படம் போட்டாலும் லைக் வரத்தான் செய்யும்.

எந்தப் படத்தை வைப்பது? இதில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம் ஆட்கள் நிறையப் பேர் ஸ்டூடியோவில் எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படத்தின் சாஃப்ட் காப்பியை அப்படியே டிபி வைத்துவிடுகிறார்கள். அது வேண்டவே வேண்டாம். வெள்ளைப் பின்னணியில் நேராகப் பார்க்கிற படம்தான் போலி அடையாள அட்டை செய்கிறவனுக்குச் சுலபம், முகத்தை வெட்டி வேறு உடம்பில் ஒட்டுகிறவனுக்கும் அதுவே சுலபம். கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி, கையில் ஆரி ஊசியோடு, முன்னால் மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியோடு எடுத்துப் பாருங்கள். முகமும் தெரியும், தொழிலும் தெரியும். படத்தைப் பார்த்த கஸ்டமர் 'இவங்களே போடறாங்க' என்று நம்புவார். ஜன்னல் வெளிச்சத்தில், பின்னால் வெறும் சுவர் இருக்கிற மாதிரி எடுங்கள். படத்தில் துணி தெரிகிற இடத்தின் மேல் உங்கள் கடைப் பெயரை மெலிதாக எழுத்தில் போட்டுக்கொள்ளலாம். திருடுகிறவன் அதை அழிக்க மெனக்கெட வேண்டும், பாதிப் பேர் விட்டுவிடுவார்கள்.

சொந்த நம்பருக்கு வெளியில் எடுத்த படம் வைக்க ஆசை என்றால், ஊரே வந்து போகிற இடமாகப் பார்த்து எடுங்கள். ராயபுரம் ரயில் நிலையம் 1856லிருந்து நிற்கிறது, அதன் தூண்கள் பக்கத்தில் நின்று எடுத்தால் படமும் அழகு, நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. திருவொற்றியூர் கோயில் வாசலும் அப்படித்தான். உங்கள் தெருமுனைக் கடை பெயர்ப்பலகை பின்னால் தெரிந்தால்தான் சிக்கல்.

படத்தை அப்லோடு பண்ணும் முன் முகமும் தோளும் இருக்கும்படி வெட்டிக்கொள்ளுங்கள். 640க்கு 640 பிக்சல் இருந்தால் அந்த வட்டத்துக்குத் தாராளம். பெரிய போட்டோவை முழுசாக ஏற்றினால் மற்றவன் கையில் தெளிவான காப்பி கிடைக்கும், உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. இன்னொன்று, போன் கேமரா செட்டிங்ஸில் லொகேஷனைப் பதிகிற இடத்தை ஆஃப் பண்ணிவிடுங்கள். அது ஆனில் இருந்தால் படம் எடுத்த இடம் எது என்கிற விவரம் படத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். 'டாக்குமென்ட்' என்று அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். டிசைன் தெளிவாகத் தெரியட்டும் என்று கஸ்டமருக்கு டாக்குமென்டாக அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தொழில் நம்பருக்கும் சொந்தக் கணக்குகளுக்கும் ஒரே படத்தை வைக்காதீர்கள். கூகுள் லென்ஸில் ஒரு படத்தைக் கொடுத்தால் அதே படம் பொதுவில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடிக் காட்டும். பிசினஸ் டிபியிலிருந்து உங்கள் பேஸ்புக்குக்கும், அங்கிருந்து குடும்பப் படங்களுக்கும் பாதை போட்டுக் கொடுக்கிற வேலையை நாமே செய்ய வேண்டாம்.

பேஸ்புக்கில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இப்போது வைத்திருக்கிற புரொஃபைல் படம் எப்போதும் பொதுவில் தெரியும், அதை முழுசாக மறைக்க வழியில்லை. மேலே வைக்கிற கவர் படமும் அப்படித்தான். நம் நாட்டுப் பெண்கள் படம் திருடப்படுவதாகச் சொன்ன பிறகு 2017ல் இந்தியாவில்தான் மற்றவர்கள் புரொஃபைல் படத்தை டவுன்லோடு, ஷேர் பண்ண விடாத 'புரொஃபைல் பிக்சர் கார்டு' (guard) என்ற பாதுகாப்பு வசதியைப் பேஸ்புக் கொண்டுவந்தது. 2020ல் புரொஃபைலையே லாக் பண்ணும் வசதி வந்தது. உங்கள் பக்கத்துக்குப் போய் மூன்று புள்ளியைத் தொட்டால் 'லாக் புரொஃபைல்' இருக்கும். அதைப் போட்டுவிட்டால் நண்பர் அல்லாதவர்களுக்குப் படங்கள், போஸ்ட்கள் தெரியாது, புரொஃபைல் படத்தையும் பெரிதாக்கிப் பார்க்க முடியாது. தொழிலுக்குப் பேஸ்புக் வேண்டும் என்றால் தனியாக ஒரு பேஜ் தொடங்குங்கள், சொந்தக் கணக்கைப் பூட்டியே வையுங்கள்.

பழைய புரொஃபைல் படங்களை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். புதுப் படம் வைத்ததும் பழையது போய்விடுவதில்லை, 'புரொஃபைல் பிக்சர்ஸ்' ஆல்பத்தில் அத்தனையும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கல்யாணத்தன்று எடுத்தது, பிள்ளைக்கு முதல் மொட்டை போட்டது, எல்லாம். ஒவ்வொன்றாகத் திறந்து 'ஒன்லி மீ' ஆக்குங்கள், அல்லது அழித்துவிடுங்கள். டெலிகிராமிலும் இதே கதைதான், டிபியைத் தள்ளிக்கொண்டே போனால் பழைய படங்கள் வரும்.

இன்ஸ்டாகிராமில் கணக்கை பிரைவேட் ஆக்கினாலும் புரொஃபைல் படம், பெயர், பயோ மூன்றும் எல்லோருக்கும் தெரியும். பயோவில் பொண்ணு பெயர், பிறந்த நாள் எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். அப்புறம் கூகுள் கணக்கு. அதில் வைத்த படம் ஜிமெயிலில் போகும், கூகுள் மேப்பில் ஏதாவது கடைக்கு ரிவ்யூ எழுதினால் அங்கேயும் பெயரோடு நிற்கும். போன் வாங்கிய அன்று கடைக்காரப் பையன் ஏதோ ஒரு படத்தை வைத்துக் கொடுத்திருப்பான், அதற்குப் பிறகு யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு தடவை பாருங்கள்.

இத்தனை செய்தாலும் படம் வெளியே போகவே போகாதா? போகலாம். மற்றவர் டிபியை ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாதபடி வாட்ஸ்அப் 2024ல் தடை வைத்தது. ஆனால் இன்னொரு போனை வைத்துப் படம் பிடிப்பதை யாராலும் தடுக்க முடியாது. அதனால்தான் படத்துக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன். செட்டிங்கைத் தாண்டிப் போனாலும் அதில் உங்கள் முகமும் ஊசியும் மட்டும்தான் இருக்கும்.

டிபி திருட்டில் நான் அடிக்கடி கேள்விப்படுவது மார்ஃபிங்கைவிட வேறொன்று. உங்கள் படத்தைப் புது நம்பரில் டிபியாக வைத்து, சொந்தக்காரர்களுக்கு "என் போன் ரிப்பேர், இது புது நம்பர், அவசரமா அஞ்சாயிரம் ஜிபே பண்ணுங்க" என்று மெசேஜ் அனுப்புவார்கள். படத்தைப் பார்த்ததும் அக்கா, அண்ணி எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். இதற்கு வீட்டில் இன்றைக்கே ஒரு பேச்சு வைத்துக்கொள்ளுங்கள்: யார் பணம் கேட்டாலும் பழைய நம்பரில் கூப்பிட்டுக் குரலைக் கேட்காமல் அனுப்பக் கூடாது. டிபியில் போலீஸ் முத்திரையைப் போட்டு 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுகிற ஆட்களுக்கும் இது பொருந்தும். யார் வேண்டுமானாலும் எந்தப் படத்தையும் டிபியாக வைக்கலாம். போலீஸ் யாரையும் வீடியோ காலில் கைது செய்வதில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், பொண்ணு இருக்கிற வீடு என்பதால். நம் பக்கத்தில் மஞ்சள் நீராட்டு விழா என்றால் தெருமுனையில் பிளக்ஸ் வைக்கிறோம். பிள்ளையின் பெரிய படம், பெயர், தேதி, மண்டபம், அப்பா அம்மா பெயர், மாமன்மார் பெயர் எல்லாம் அதில். பத்து பேர் அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போடுகிறார்கள். டிபியில் அம்மா முகம் தெரிந்தால் ஆபத்து என்று சொல்கிற வீட்டிலேயே இது நடக்கிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் இருக்கிறது. அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை, மறுநாள் ஸ்கூலில் கூடப் படிக்கிற பையன்கள் போனில் அந்தப் படம் இருக்கும். விழா நடத்துங்கள், சீர் வையுங்கள், பிளக்ஸில் படம் மட்டும் வேண்டாம். பிரிண்டிங் கடைக்கு அனுப்பிய படம் அந்தக் கம்ப்யூட்டரில் எத்தனை வருஷம் கிடக்கும் என்றும் நமக்குத் தெரியாது.

கடைசியாக, யாராவது உங்கள் படத்தைத் தவறாகப் பயன்படுத்தினால். வீட்டுக்காரரையும் இதைப் படிக்கச் சொல்லுங்கள், அவர் பயப்படுவது இதற்குத்தான்.

முதல் வேலை, அழிக்காதீர்கள். அந்த நம்பர், புரொஃபைல் லிங்க், தேதி நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதற்குப் பிறகு ரிப்போர்ட், பிளாக். போலிக் கணக்கு என்றால் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் அந்த புரொஃபைலின் மூன்று புள்ளியில் ரிப்போர்ட் இருக்கிறது, 'வேறொருவர் போல நடிக்கிறார்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆபாசமாக மார்ஃப் பண்ணிய படம், ஆள்மாறாட்டம் இரண்டுக்கும் பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால் படத்தை நீக்க 2021ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் முதலில் வைத்த கெடு 24 மணி நேரம், 2026 பிப்ரவரியில் அதை 2 மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். புகாரில் இதைக் குறிப்பிடுங்கள்.

பணம் கேட்டு மிரட்டினால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த வாரம் மறுபடி கேட்பான். பணம் போய்விட்டது என்றால் உடனே 1930க்குப் போன் பண்ணுங்கள், எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்கு அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு. படம் சம்பந்தப்பட்டது என்றால் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகார் பதியலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படப் புகாரைப் பெயர் சொல்லாமலும் அங்கே கொடுக்க முடியும். நேராகப் போவதானால் எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். 'இது எங்க லிமிட் இல்லை' என்று திருப்பி அனுப்பினால் ஜீரோ எஃப்ஐஆர், அதாவது எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் போடுகிற எஃப்ஐஆர், பதியச் சொல்லிக் கேளுங்கள், 2024 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி, மூன்று ஆண்டு வரை சிறை. பாலியல் செயலைக் காட்டும் ஆபாசப் படத்தைப் பரப்பினால் 67ஏ, முதல் தடவையிலேயே ஐந்து ஆண்டு வரை. பேச ஆள் வேண்டும் என்றால் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

ஆபாசமாக மாற்றிய படம் பரவுமோ என்று பயமாக இருந்தால் ஸ்டாப் என்சிஐஐ டாட் ஓஆர்ஜி என்ற தளம் இருக்கிறது. படத்தை எங்கேயும் அனுப்பத் தேவையில்லை. உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு ரகசிய எண் உருவாகும், அந்த எண் மட்டும் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற நிறுவனங்களுக்குப் போகும், அதே படம் அங்கே ஏறினால் கண்டுபிடித்துத் தடுப்பார்கள். இது 18 வயது நிறைந்தவர்களுக்கு. அதற்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு டேக் இட் டவுன் என்ற தளம் இதே வேலையைச் செய்கிறது. மாற்றப்பட்ட படம் உங்கள் கையில் இருந்தால்தான் இந்த எண்ணை உருவாக்க முடியும். அதனால் அருவருப்பில் உடனே டெலீட் பண்ணிவிடாமல், புகார் முடிகிற வரை அதை வைத்திருங்கள்.